நடுச்சுவர்

மூன்று சிமிட்டல். ஒரு இடைவெளி.
மறுபடி மூன்று.
நிலவறையில் மண்டியிட்டு
அந்தச் சிவப்புப் பொட்டு விளக்கையே
கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வேறேதாவது சொல்லிவிடாதா என்று.

வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
ஏரிக்காற்று டுலூத் நகரை
ஈரத்துணிபோல் பிழிந்துகொண்டிருந்தது.
பிழிவதைப் பற்றி எனக்குத் தெரியும்.
மருத்துவமனைச் சலவையறையில் இரவு வேலை,
மணிக்குப் பதினேழு டாலர் நாற்பது சென்ட்.

"ஞாயிறென்றால் வருகைக்கே ஒன்றரை மடங்கு,
திங்கள்வரை தாங்குவீர்களா?"
தொலைபேசியில் ஒரு பெண்குரல்.
தாங்குவேன் என்றேன்.

தாங்குவதென்றால்
குழாயை நூலளவு ஒழுகவிடுவது,
அவித்த உருளைக்கிழங்கை
ஆளுக்கொன்றாய்க் கையுறைக்குள் போட்டுக்கொள்வது
(ஆள் நான் ஒருத்திதான், கைகள் இரண்டு),
ஆறியதும் அதையே இரவுச் சாப்பாடாக்குவது.

வீட்டில் நடுச்சுவர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.
அந்தப் பக்கம் ஆர்லன் ஸ்கூக்.
பதினோரு வருடத்தில் நாங்கள் பேசியது
முப்பது வார்த்தை தேறும்,
பாதி, பனியை யார் பக்கம் வாரிக் கொட்டுவது என்ற சண்டை.
கட்டிலைத் தள்ளி அந்தச் சுவரோடு ஒட்டினேன்.
முதுகை ஒட்டினேன்.
அவர் காசில் எரிந்த வாயு
செங்கல் வழியாக என் எலும்புக்கு வந்தது.
அவருடைய உலை எழும்பும் ஒவ்வொரு முறையும் கேட்டது:
விசிறியின் முனகல்,
ஒரு டக்,
பிறகு தீ பற்றும் அந்த வுப்.
வுப் கேட்கும்வரை மூச்சை விடவில்லை நான்.

திங்கள் ரென்வால் வந்தான்.
பூட்ஸில் வெள்ளி டேப் சுற்றியிருந்தது.
மூடியைக் கழற்றி, டார்ச்சைப் பல்லில் கடித்து,
விரல்நீளச் சாம்பல் துண்டு ஒன்றை வெளியே எடுத்தான்.
மயிரிழை விரிசல்.
இதுவா?
இதுதான்.

வருகை நூற்றுப் பத்தொன்பது,
பாகம் நூற்று அறுபத்து நான்கு,
கூலி நூற்று நாற்பது.
மனம் தானாகவே மாற்றிச் சொன்னது:
மூன்று இரவு வேலை,
அதற்கு மேல் பத்தொன்பது நிமிடம்.

"என் போனில் இது முப்பத்தொரு டாலர்" என்றேன்.
குரல் உயர்ந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.
அவன் கோபப்படவில்லை.
"கிடைக்கும். ஆனால் வெறும் விரலால் தொட்டாலே
இது சீக்கிரம் செத்துவிடும் என்று
அந்தப் பெட்டியில் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.
போன வாரம் மட்டும் நாலு வீடு."
பிறகு, உலைக்குள்ளே பார்த்தபடியே,
"அடுத்தது இந்தப் பரிமாற்றி.
அதைச் செய்வதற்குப் பதில் புதிதே வாங்கிவிடலாம்,
நாலாயிரத்துச் சொச்சம்.
ஒரு வருடம் ஓடும். இரண்டும் ஓடலாம்."

இரண்டு அட்டைகளில் பாதி பாதியாய்த் தேய்த்தான்.
முதல் அட்டை யோசித்தது.
நாங்கள் இருவரும் வேறெங்கோ பார்த்தோம்.

செத்த துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.
நானூற்று இருபத்து மூன்று கொடுத்திருக்கிறேன்,
ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டாமா?

பிப்ரவரி கடைசி. வாரக்கடைசி.
வேலையில்லாத இரவு, தூக்கமுமில்லாத இரவு.
சுவருக்கு அப்பால்
விசிறியின் முனகல்,
ஒரு டக்.

காத்திருந்தேன்.

முனகல், டக்.
மறுபடி முனகல்.

ஓய்வூதியம் அவருக்கு மூன்றாம் தேதி.
தபால்காரர் தவறிப்போய் என் பெட்டியில் போட்டதில்
எனக்குத் தெரியும்.
எழுந்து குமிழை அறுபத்தி நாலிலிருந்து
எழுபத்தி மூன்றுக்குத் திருப்பினேன்.
என் உலை உடனே பற்றியது, பாவி,
பணம் வாங்கின விசுவாசம்.
கட்டிலைப் பிடித்து இழுத்தேன்.
கால்கள் தரையில் கிறீச்சிட்டன,
அவருக்கும் கேட்டிருக்கும்.
சுவர் முழுசாக வெளியே தெரிந்தது,
என் தலையணை தேய்த்த கறையோடு.

விடிந்ததும் ரென்வாலின் அட்டையை
ஆர்லனின் பனிவாரியில்
ரப்பர் போட்டு மாட்டினேன்.
பின்பக்கம் எழுதியிருந்தேன்:
இன்று கூப்பிடாதீர்கள். ஞாயிறு.